மனு கொடுத்தது போதும், உட்காரலாம் வாங்க

காவலூர் எங்கே இருக்கிறது என்று நம் வகுப்பில் கேட்டால் எல்லோருக்கும் தெரியும். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற வழி. வைணு பாப்பு வானாய்வகம். 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே செய்தது. மலைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. (அதில் ஒரு திருகாணி கூட நான் முடுக்கவில்லை, அது வேறு விஷயம்.)

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். வரைபடத்தில் காவலூர் மேல் விரலை வைத்து நேர் கிழக்காக இழுத்துக்கொண்டே போங்கள். போளூர், வந்தவாசி, மதுராந்தகம் பக்கமாகப் போய்க் கடலில் முட்டும். முட்டுகிற இடம் கல்பாக்கம். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், பன்னிரண்டரைப் பாகையில் இருக்கின்றன. நடுவில் சுமார் 140 கிலோமீட்டர்.

இந்தக் கோட்டின் ஒரு முனையில் வானத்தைப் பார்க்கிறார்கள். மறுமுனையில் என்ன செய்கிறார்கள்?

"கரண்டு தயாரிக்கிறார்கள்" என்பீர்கள். சரிதான், அதுவும் நடக்கிறது. ஆனால் அதோடு முடியவில்லை. அணு ஏவுகணைகளைச் சுமக்கும் அரிஹந்த் நீர்மூழ்கியை ஓட்டும் அணு உலையின் முன்மாதிரி கல்பாக்கத்தில்தான் கட்டப்பட்டது. இது ரகசியமில்லை. 2009 ஆகஸ்டில் அணுசக்தித் துறையே பத்திரிகையாளர்களை அழைத்துக் காட்டியது. அமெரிக்காவுடன் அணு ஒப்பந்தம் பேசியபோது, 2006 மார்ச்சில், எந்தெந்த உலைகளைச் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு விடுவது என்று இந்தியா ஒரு பட்டியல் போட்டது. அப்போது இருந்ததும் கட்டிக்கொண்டிருந்ததுமாக 22 உலைகளில் 14 உள்ளே. கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும், அங்கே கட்டிக்கொண்டிருந்த வேக ஈனுலையும் வெளியே. ஏன் வெளியே வைத்தார்கள் என்று யோசிக்க அணு இயற்பியல் தேவையில்லை.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2025 மே 7 முதல் 10 வரை நாலு நாள் இந்தியாவும் பாகிஸ்தானும் அடித்துக்கொண்டன. அந்த நாலு நாளும் ஹாஸ்டலில் யாரும் தூங்கவில்லை. எல்லோர் கையிலும் போன். ராத்திரி ஒரு மணிக்கு நண்பன் ஒருவன், பல்லியைக் கூட அடிக்க மாட்டான், சர்வ சாதாரணமாகச் சொன்னான்: "ஒண்ணைப் போட்டு முடிச்சு விட்டுரணும் மச்சி". சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஒண்ணைப் போட்டால் என்ன ஆகும் என்பது தெரியாத விஷயமில்லை. ஹிரோஷிமாவில் போட்டது ஒண்ணுதான். 1945 முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் செத்தார்கள். இன்றைய கணக்கில் அது சின்னக் குண்டு. 2025 தொடக்கத்தில் இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170 குண்டுகள் இருந்ததாக ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனம் மதிப்பிடுகிறது. "முடிச்சு விட்டுரணும்" என்று சொன்னவனையும் சேர்த்து முடிக்க அது போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அணுகுண்டை ஆதரிக்கிறவர்கள் மேல் கூட எனக்கு இவ்வளவு கோபமில்லை. எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற நம் மேல்தான் கோபம். நாம் வாயால் எதிர்க்கிறோம். ஆகஸ்ட் 6 வந்தால் காகிதக் கொக்கு மடிக்கிறோம். கட்டுரைப் போட்டி வைக்கிறோம் (போன முறை ஆறுதல் பரிசு வாங்கியது அடியேன்தான்). கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்புகிறோம். பிறகு வீட்டுக்குப் போய்விடுகிறோம். குண்டு பத்திரமாக இருக்கிறது.

"தமிழ்நாட்டில் கூடங்குளம் போராட்டம் நடக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். நடந்தது. இடிந்தகரை மக்கள் செய்தது சாதாரண காரியமில்லை. 2011இலிருந்து பந்தலில் தொடர் உண்ணாவிரதம். 2012 செப்டம்பரில் தடியடி, கண்ணீர்ப்புகை, அதற்குப் பிறகும் கடலில் இறங்கி நின்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. ஆனால் கூடங்குளம் மின் நிலையம் சர்வதேசக் கண்காணிப்பின் கீழ் இருக்கிறது. அங்கே மக்கள் கேட்டது தங்கள் கடலுக்கும் உயிருக்கும் பாதுகாப்பு. ஆயுதம் வேறு கேள்வி.

அதே திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1990இலிருந்து கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் இயங்குகிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வானொலி அலைகளை அனுப்பும் நிலையம். சாதாரண வானொலி அலை கடல் நீருக்குள் போகாது. இந்த அலை சில மீட்டர் ஆழம் வரை போகும். ஆகவே நீருக்கடியில் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்ப இதுதான் வழி. ஒரு நாள் "ஏவு" என்ற உத்தரவு அரிஹந்துக்குப் போக வேண்டியிருந்தால், அது போகக்கூடிய பாதை நம் நெல்லைச் சீமை வழியாகத்தான் இருக்கிறது. அந்தக் கோபுரங்களைப் பற்றி நம் கூட்டங்களில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. குண்டு ராஜஸ்தான் பாலைவனத்தில் எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறோம்.

இதில் நம் பரம்பரை பற்றி ஒரு வார்த்தை. 1962இல் ராஜாஜி தன் 83ஆவது வயதில் காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவோடு அமெரிக்கா போனார். செப்டம்பர் 28 அன்று கென்னடியைப் பார்த்து அணு சோதனைகளை நிறுத்தச் சொன்னார். கென்னடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மூன்று வாரத்தில் கியூபா நெருக்கடி. உலகம் மயிரிழையில் தப்பியது.

அதே ராஜாஜி 1930இல் என்ன செய்தார்? உப்புச் சட்டத்தை எதிர்த்து வைஸ்ராய்க்கு மனு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். சுமார் 240 கிலோமீட்டர். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். உப்பு அள்ளினார், ஜெயிலுக்குப் போனார். 83 வயதில் அவரைத் திரும்ப நடக்கச் சொல்ல முடியாது, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த நாம் வேதாரண்யத்தை மறந்துவிட்டு வாஷிங்டன் சந்திப்பை மட்டும் பிடித்துக்கொண்டோம். பெரிய மனிதர் யாராவது போய்ப் பேசுவார் என்று காத்திருக்கிறோம்.

காத்திருக்காதவர்களும் இருந்தார்கள். 1962 ஜூனில் சதீஷ் குமார், ஈ. பி. மேனன் என்று இரண்டு இளைஞர்கள் டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து கிளம்பினார்கள். கையில் காசு இல்லாமல் போங்கள் என்று வினோபா சொல்லியிருந்தார். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன். அணுகுண்டு வைத்திருந்த நான்கு தலைநகரங்களுக்கும் போனார்கள். கடலைத் தவிர மற்றதெல்லாம் நடை. சோவியத் நாட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைப் பெண்கள் நாலு பொட்டலம் தேயிலை கொடுத்து அனுப்பினார்களாம். பொத்தானை அழுத்த நினைத்தால், அதற்கு முன் இந்தத் தேநீரைக் குடித்துவிட்டு யோசிக்கச் சொல்லுங்கள் என்று. பாரிஸில் அதிபர் மாளிகை முன்னால் போனதும் பிடித்து உள்ளே வைத்தார்கள். பிறகும் நடந்தார்கள்.

1999ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1998 மே 11 பொக்ரான் சோதனையின் முதலாண்டு நிறைவன்று, சந்தீப் பாண்டேயும் நண்பர்களும் பொக்ரானிலிருந்து சாரநாத் வரை நடக்கத் தொடங்கினார்கள். சேர்ந்தது ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளில். நடுவில்தான் கார்கில் போர். நாடே கொடி பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் "குண்டு வேண்டாம்" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு நடக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நமக்கு ஹாஸ்டல் அறையில் ஒருத்தனிடம் சொல்லவே வாய் வரவில்லை.

இனி வழக்கமான கேள்விகள். நானே எழுதிவிடுகிறேன்.

"குண்டு இருப்பதால்தான் யாரும் நம்மைத் தொடவில்லை."

தொடவில்லையா? குண்டு வெடித்துக் காட்டிய அடுத்த வருடமே கார்கில். 2001இல் நாடாளுமன்றம். 2008இல் மும்பை. 2019இல் புல்வாமா, பாலாகோட். 2025இல் பஹல்காம், அதற்குப் பிறகு அந்த நாலு நாள். எதைத் தடுத்தது? ஒவ்வொரு தடவையும் "இது எங்கே போய் முடியுமோ" என்ற பயத்தை மட்டும் கூட்டியது. இன்னொன்று: 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானுக்குள் போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை, மூன்று அதிகாரிகளை வேலையை விட்டு எடுத்தார்கள். விஷயம் முடிந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால்? அணு ஆயுதம் காக்கிறது என்பவர்கள், யாரும் ஒருநாளும் தவறு செய்ய மாட்டார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள். ஒரு மின்வெட்டு அறிவிப்பைக்கூடச் சரியாகக் கொடுக்கத் தெரியாத ஊரில் இருந்துகொண்டு என்னால் அதை நம்ப முடியவில்லை.

"நாம்தான் முதலில் போட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறோமே."

சொல்லியிருக்கிறோம். நல்ல விஷயம், அதைக் கைவிடக் கூடாது. ஆனால் இரண்டாவதாகப் போட்டாலும் அங்கே சாகப்போவது பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். அதற்குள் நம் பிள்ளைகள் ஏற்கெனவே செத்திருப்பார்கள். இதில் யார் யாரைக் காப்பாற்றியது?

"நாலு பேர் ரோட்டில் உட்கார்ந்தால் குண்டு போய்விடுமா?"

இதற்குத்தான் நான் முழு பதில் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊரில் தண்ணீர் வராத ஒரு கோடைக்காலத்தில் மனு கொடுத்தோம். ரசீது கிடைத்தது. மறுபடி கொடுத்தோம். மறுபடி ரசீது. மூன்றாவது முறை அம்மாவும் மற்றவர்களும் காலிக்குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் நின்றது. மத்தியானத்துக்குள் அதிகாரி ஜீப்பில் வந்தார். சாயங்காலம் டேங்கர் வந்தது. தமிழ்நாட்டில் எந்த ஊரில் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். சாலை மறியல் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தையில்லை. பிறத்தியார் இதற்கு "நேரடி நடவடிக்கை" என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது காலிக்குடம்.

குண்டுக்கு சாயங்காலமே டேங்கர் வராது, ஒப்புக்கொள்கிறேன். 1981 செப்டம்பரில் வேல்ஸின் கார்டிஃப் நகரிலிருந்து 36 பெண்கள் இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் விமானத் தளத்துக்கு நடந்து போய் வாசலில் கூடாரம் போட்டார்கள். அமெரிக்க அணு ஏவுகணைகள் அங்கே வரப்போகின்றன என்பது காரணம். சிரித்தார்கள், திட்டினார்கள், கூடாரத்தைப் பிய்த்தார்கள், ஜெயிலில் போட்டார்கள். 1982 டிசம்பரில் சுமார் 30,000 பெண்கள் கைகோத்துத் தளத்தைச் சுற்றி நின்றார்கள். அப்படியும் ஏவுகணை வந்தது. 1987இல் ரேகனும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்ட பிறகு, 1991இல் கடைசி ஏவுகணை வெளியேறியது. பெண்கள்தான் வெளியேற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், கோர்பச்சேவும் வேண்டியிருந்தது. ஆனால் பத்து வருடம் அந்த ஏவுகணைகளை ஒருவரும் மறக்க விடாமல் பார்த்துக்கொண்டது அவர்கள்தான். நம் ஊரில் மறதிதான் குண்டுக்குக் காவல் நிற்கிறது. முதலில் கலைக்க வேண்டியது அதை.

"கேஸ் போட்டால்?"

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் சும்மா. இடிந்தகரைப் பையன்கள் பலருக்கு வழக்கு இருக்கிறது என்று பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லியும் வருடக்கணக்கில் இழுத்தது. நம்மில் முக்கால்வாசிப் பேர் அரசு வேலைக்குப் படிக்கிறோம். இயற்பியல் படிக்கிறவனுக்குக் கல்பாக்கம் என்றால் கோயில் மாதிரி. நிரந்தர வேலை, குடியிருப்பு, ஆஸ்பத்திரி. நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. எனக்கும் அந்த ஆசை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். போலீஸ் வெரிஃபிகேஷனில் ஒரு வரி சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. குடும்பம் மொத்தமும் ஒருத்தர் சம்பளத்தை எதிர்பார்த்து இருக்கிறது என்றால் வராதீர்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. பின்னால் நின்று தண்ணீர் கொடுங்கள், வக்கீல் நம்பரைப் பையில் வைத்திருங்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். வேதாரண்யத்தில் மரத்தில் சோறு கட்டியவர்களும் போராட்டத்தில் இருந்தவர்கள்தான்.

எப்படி உட்காருவது என்பதற்கு எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு.

1. எல்லாம் வெளிப்படை. எந்த நாள், எங்கே, எத்தனை பேர் என்று போலீசுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

2. வேலிக்கு வெளியேதான். 2012இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் யுரேனியக் கிடங்குக்குள் வேலியை வெட்டிக்கொண்டு 82 வயது கன்னியாஸ்திரீ மேகன் ரைஸ் இரண்டு பேரோடு உள்ளே போனார், சிறைக்கும் போனார். அந்த அம்மாவை வணங்குகிறேன். ஆனால் நாம் அதைச் செய்யக் கூடாது. இருட்டில் வேலி அருகே ஓர் ஆளைப் பார்க்கிற காவலருக்கு நம் மனசு தெரியாது. பயந்து சுட்டால் அவர் வாழ்க்கையும் போகும்.

3. உள்ளே வேலை செய்கிறவர் நமக்கு எதிரியில்லை. அவர் நம் சீனியர். நாளைக்கு நாமாகவும் இருந்திருக்கலாம். அவர் வண்டியை மறிக்க வேண்டாம். கையைக் காட்டி வணக்கம் சொல்வோம்.

4. கெட்ட வார்த்தை, கல், தலைவர் படம் எரிப்பது எதுவும் கிடையாது. கட்சிக் கொடியும் கிடையாது.

5. பிடித்தால் ஓடக் கூடாது. மன்னிப்பு எழுதிக் கொடுக்கவும் கூடாது.

கேட்பதும் தெளிவாக இருக்கட்டும். ஒன்று, கல்பாக்கத்தின் எல்லா உலைகளையும் சர்வதேசக் கண்காணிப்புக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை உடன்படிக்கை பற்றி இந்தியா பேசவாவது வேண்டும். இதுவரை அணு ஆயுதம் வைத்திருக்கும் எந்த நாடும் அதில் சேரவில்லை. "அவன் முதலில் போடட்டும்" என்று ஒன்பது நாடும் சொன்னால் யார்தான் முதலில் போடுவது? காந்தி பிறந்த நாடு என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொள்கிறவர்களிடம்தானே கேட்க முடியும்.

போன விடுமுறையில் அம்மாவிடம் சொன்னேன். ஒரு நாள் உண்ணாவிரதம், கல்பாக்கம் ரோட்டோரம், ஆகஸ்ட் 6. எதுக்கு என்று கேட்டார். முடிந்தவரை விளக்கினேன். புளி கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நாங்க குடத்தோட உக்காந்தப்ப கேஸ் போட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "உனக்குப் போடுவாங்களா?" போடலாம் என்றேன். "அப்ப வேலை?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. போகாதே என்று சொல்லவும் இல்லை.

நான் போகிறேன். பத்துப் பேர் சேர்ந்தால் பத்துப் பேர். ஒருவரும் சேராவிட்டால் ஒரு தட்டியும் ஒரு குடமும். குடத்தில் தண்ணீர் இருக்கும், ஆகஸ்ட் வெயில் அங்கே சும்மா விடாது :-)

வருகிறவர்கள் சொல்லுங்கள். வராதவர்கள் ஏன் வரவில்லை என்றாவது சொல்லுங்கள், சண்டை போடலாம். "ஒண்ணைப் போட்டு முடிச்சு விட்டுரணும்" என்று இனி யாராவது சொன்னால், தயவுசெய்து சிரிக்க மட்டும் சிரிக்காதீர்கள். நான் ஒருமுறை சிரித்துவிட்டேன். அது போதும்.